அமெரிக்காவின் நில விரிவாக்கமும் மோதல்களும் (1783–1848): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது எந்தக் காலம்?

1783 செப்டம்பரில் பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை முதல், 1848 பிப்ரவரியில் மெக்சிகோவுடன் ஏற்பட்ட உடன்படிக்கை வரையிலான காலம். தொடக்கத்தில் அட்லாண்டிக் கரையை ஒட்டி 13 மாநிலங்கள் இருந்தன. 65 ஆண்டுகள் கழித்து அதே நாட்டின் எல்லை பசிபிக் பெருங்கடலைத் தொட்டது. இந்த நிலம் முழுவதும் துப்பாக்கி முனையில் பிடுங்கப்பட்டது என்று சுருக்கமாகச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. துப்பாக்கி இருந்தது உண்மைதான்; ஆனால் ஏறத்தாழ ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் முறைப்படி எழுதப்பட்ட ஒரு பத்திரமும் இருக்கிறது. அதில் கையெழுத்திட்டவருக்கு அந்த நிலத்தின் மீது என்ன பாத்தியதை இருந்தது என்று விசாரிக்கத் தொடங்கினால், மோதல்கள் எங்கிருந்து வந்தன என்பது பெருமளவு விளங்கிவிடும்.

1783 உடன்படிக்கையில் மிசிசிப்பி ஆறு வரை நிலம் கிடைத்தது என்கிறார்களே, அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

மிசிசிப்பிக்குக் கிழக்கே உள்ள நிலத்தை விட்டுக்கொடுத்தது பிரிட்டன். அங்கே வாழ்ந்த ஷானி, மயாமி, டெலவேர், கிரீக், செரோக்கி முதலிய பூர்வகுடிகளில் எவரும் அந்தப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படவில்லை. உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தங்கள் நிலத்தை பிரிட்டன் எப்படி எழுதிக்கொடுக்க முடியும் என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

விளைவாக ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே சில ஆண்டுகளிலேயே போர் மூண்டது. 1791 நவம்பர் 4ஆம் தேதி விடியற்காலையில், ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் தலைமையில் சென்ற படையை மயாமித் தலைவர் லிட்டில் டர்ட்டிலும் ஷானித் தலைவர் புளூ ஜாக்கெட்டும் தலைமையேற்ற கூட்டணி சுற்றி வளைத்தது; 600க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். பூர்வகுடிகளிடம் அமெரிக்கப் படை கண்ட தோல்விகளில் இதைவிடப் பெரியது வேறில்லை. பள்ளிப் பாடங்களில் இது அதிகம் இடம்பெறாததால், பூர்வகுடிகள் தொடக்கம் முதலே பின்வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்ற எண்ணம் பலருக்கும் பதிந்துவிட்டது. 1794இல் அந்தோனி வெய்ன் பயிற்சி பெற்ற புதிய படையுடன் ஃபாலன் டிம்பர்ஸ் என்ற இடத்தில் வென்ற பிறகுதான் நிலைமை மாறியது. மறு ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில், இன்றைய ஒஹாயோ மாநிலத்தின் பெரும்பகுதி 20,000 டாலர் மதிப்புள்ள பொருள்களுக்கும் ஆண்டுக்கு 9,500 டாலர் உதவித்தொகைக்கும் கைமாறியது.

இருந்த நிலமே ஏராளமாக இருந்தபோது மேற்கே போக அப்படி என்ன அவசரம்?

முதல் காரணம் கடன். விடுதலைப் போரை நடத்திய கூட்டமைப்பு அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. போர் வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி வேறு இருந்தது. அரசின் கையில் இருந்த ஒரே சொத்து மேற்கு நிலம்தான். அதை அளந்து விற்பதற்காக 1785இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நிலம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு சதுரமும் 36 கட்டங்களாக்கப்பட்டது. ஒரு கட்டம் 640 ஏக்கர். 16ஆம் எண் கட்டம் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது. அளப்பதற்கு 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட கன்டர் சங்கிலி பயன்பட்டது. (தமிழ்நாட்டின் பழைய நில அளவைப் படங்களில் காணப்படும் ‘லிங்க்ஸ்’ கணக்கும் இதே சங்கிலியிலிருந்து வந்ததுதான்.) பென்சில்வேனியாவின் மேற்கு எல்லை ஒஹாயோ ஆற்றைத் தொடும் இடத்தில், தாமஸ் ஹட்சின்ஸ் என்பவரின் மேற்பார்வையில் அந்த அளவைப் பணி தொடங்கியது.

ஏக்கர் ஒரு டாலர் என்றாலும் குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டும் என்பதால், சாதாரண உழவருக்கு அது எட்டவில்லை. மொத்தமாக வாங்கி, துண்டு போட்டு விற்ற நில வணிகர்களே லாபம் பார்த்தார்கள். பணமில்லாதவர்கள் அளவைக்கு முன்பே காட்டுக்குள் சென்று குடிசை போட்டுக்கொண்டார்கள். இப்படி அத்துமீறிக் குடியேறியவர்களை அப்புறப்படுத்தவும் அரசால் முடியவில்லை. அவர்கள் தாக்கப்பட்டபோது பாதுகாக்காமல் இருக்கவும் முடியவில்லை. எல்லைப் போர்கள் பலவும் இந்த இக்கட்டிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது காரணம் தெற்கே. வர்ஜீனியாவில் புகையிலை மண்ணைச் சாறாகப் பிழிந்துவிட்டிருந்தது. 1793இல் எலை விட்னியின் பருத்தி அரவை இயந்திரம் வந்த பிறகு, அலபாமா, மிசிசிப்பி பகுதிகளின் கரிசல் மண்ணுக்கும் அதில் உழைக்க அடிமைகளுக்கும் தேவை பெருகியது.

புதிதாகக் கிடைத்த நிலம் குடியேற்றப் பகுதியாகவே வைக்கப்பட்டதா?

இல்லை. 1787ஆம் ஆண்டின் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டப்படி, ஒரு பகுதியில் 60,000 சுதந்திரக் குடிமக்கள் சேர்ந்ததும் அது பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகச் சேரலாம். அதே சட்டம் ஒஹாயோவுக்கு வடக்கே அடிமை முறையைத் தடை செய்தது. பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுப்பதில்லை என்றும் உறுதி கூறியது. முதல் இரண்டும் பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தன.

1803இல் லூசியானாவை வாங்கியது எப்படி? உண்மையில் விலைக்கு வாங்கப்பட்டது எது?

அமெரிக்கா வாங்க நினைத்தது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தை மட்டுமே. அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே விளைந்த மாவு, பன்றி இறைச்சி, புகையிலை எல்லாம் மிசிசிப்பி வழியாகப் படகில் இறங்கி அங்கேதான் கப்பலேற வேண்டும். 1802இல் அந்தத் துறைமுகத்தில் சரக்கு இறக்கி வைக்கும் உரிமையை ஸ்பானிய அதிகாரி திடீரென ரத்து செய்ததும் மேற்கு உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்குள் ஸ்பெயின் இரகசியமாக, மிசிசிப்பிக்கு மேற்கே விரிந்த லூசியானா நிலப்பகுதி முழுவதையும் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்ட செய்தியும் தெரியவந்தது. பலவீனமான ஸ்பெயின் பக்கத்து வீட்டில் இருப்பது வேறு, நெப்போலியன் வந்து குடியேறுவது வேறு என்று குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன் அஞ்சினார். பாரிஸில் இருந்த தூதர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்குத் துணையாக ஜேம்ஸ் மன்றோவை அனுப்பினார்.

மன்றோ வந்து சேர்வதற்கு முன்பே, 1803 ஏப்ரல் 11ஆம் தேதி, பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டாலேரான் லிவிங்ஸ்டனிடம், முழு லூசியானாவுக்கும் என்ன தருவீர்கள் என்று கேட்டார். நெப்போலியன் மனம் மாறியதற்கான காரணத்தைக் கரீபியனில் பிரான்ஸின் குடியேற்றமாக இருந்த ஹெய்ட்டியில் தேட வேண்டும். அங்கே விடுதலை பெற்ற அடிமைகளை மீண்டும் அடக்குவதற்காக அவர் அனுப்பிய பெரும்படை, அம்மக்களின் எதிர்ப்பாலும் மஞ்சள் காய்ச்சலாலும் அழிந்தது. தளபதி லெக்லேர்க்கே 1802 நவம்பரில் காய்ச்சலுக்குப் பலியானார். ஹெய்ட்டியின் சர்க்கரைத் தோட்டங்களுக்கு உணவு அனுப்பும் களஞ்சியமாகவே லூசியானா கருதப்பட்டது. தோட்டமே கைவிட்டுப் போனபின் களஞ்சியம் எதற்கு? பிரிட்டனுடன் மீண்டும் போர் வரவிருந்த நிலையில் அவருக்குப் பணம் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பரப்பை இரட்டிப்பாக்கிய இந்த விற்பனைக்கு ஹெய்ட்டியின் அடிமைகள் போராடியதே வழி திறந்தது. அதே ஹெய்ட்டியின் விடுதலையை அமெரிக்கா 1862 வரை அங்கீகரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலை 1.5 கோடி டாலர். அதில் நிலத்துக்கு 6 கோடி பிராங்க். மீதி, பிரான்ஸ் மீது அமெரிக்க வணிகர்களுக்கு இருந்த நிலுவைகளைத் தீர்ப்பதற்கு. அரசிடம் ரொக்கம் இல்லாததால் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. அவற்றை வாங்கி நெப்போலியனுக்குப் பணம் புரட்டிக் கொடுத்தவை லண்டனின் பேரிங்ஸ் நிறுவனமும் ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனமும். பிரிட்டனோடு போரிடப்போகும் எதிரிக்கு லண்டன் வங்கியே பணம் திரட்டியது.

கிடைத்தது சுமார் 8,28,000 சதுர மைல். ஆனால் அந்தப் பரப்பில் பிரான்ஸின் ஆட்சி உண்மையில் நடந்த இடங்கள் நியூ ஆர்லியன்ஸ், செயின்ட் லூயிஸ் போன்ற சில ஊர்களே. மற்ற இடமெல்லாம் ஓசேஜ், பாவ்னி, சூ முதலிய மக்களின் கையில் இருந்தது. அமெரிக்கா வாங்கியது நிலத்தை அன்று, அந்நிலத்தை அதன் குடிகளிடமிருந்து வாங்குவதற்கு வேறு ஐரோப்பிய நாடு போட்டிக்கு வராது என்ற முன்னுரிமையை மட்டுமே என்று சொன்னால் மிகையாகாது. அதனால்தான் 1808இல் ஓசேஜ் மக்களோடு எழுதியதைப் போல, அடுத்த பல பத்தாண்டுகளுக்கு ஒவ்வொரு குடியுடனும் தனித்தனியே உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, இந்த நிலத்தை வேறு நாட்டுக்கு விற்கமாட்டோம் என்று ஸ்பெயினுக்கு பிரான்ஸ் வாக்குக் கொடுத்திருந்தது. ஆக, கிரயப் பத்திரத்தில் வில்லங்கம் இரண்டு பக்கமும் இருந்தது.

அதை வாங்க ஜெஃபர்சனுக்கு அதிகாரம் இருந்ததா?

அவருக்கே ஐயம் இருந்தது. அரசமைப்புச் சட்டத்தில் எழுதப்படாத அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர், வெளிநாட்டு நிலத்தை வாங்கிச் சேர்க்கச் சட்டத்திருத்தம் வேண்டும் என்றே முதலில் கருதி, அதற்கான வரைவும் எழுதினார். தாமதித்தால் நெப்போலியன் பின்வாங்கிவிடுவார் என்ற அச்சத்தில் வரைவை ஒதுக்கி வைத்துவிட்டு, உடன்படிக்கையை நேரே செனட்டுக்கு அனுப்பினார். 24–7 என்ற கணக்கில் அது நிறைவேறியது.

அவரைப் பற்றி இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில் இந்தியானா பகுதியின் ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு எழுதிய தனிப்பட்ட கடிதத்தில், அரசின் வணிகக் கிடங்குகளில் பூர்வகுடித் தலைவர்கள் கடன்படுவதைப் பார்க்கத் தாம் மகிழ்வதாகவும், கடன் அவர்கள் அடைக்கக்கூடிய அளவைத் தாண்டும்போது நிலத்தை விட்டுக்கொடுத்துத் தீர்க்க இசைவார்கள் என்றும் ஜெஃபர்சன் விளக்கியிருக்கிறார். கந்து வட்டிக்காரர் வரப்பை நகர்த்தும் அதே உத்தி.

டெகும்சே யார்? 1812 போருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

1809இல் ஃபோர்ட் வெய்ன் உடன்படிக்கை வழியாக ஹாரிசன் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் நிலத்தைச் சில குடித் தலைவர்களிடமிருந்து எழுதி வாங்கினார். ஷானி மக்களின் டெகும்சே அந்தப் பத்திரமே செல்லாது என்றார். நிலம் எல்லாக் குடிகளுக்கும் பொது. ஒரு குடியோ ஒரு தலைவரோ தனித்து விற்க முடியாது என்பது அவர் வாதம். 1810 ஆகஸ்டில் வின்சென்ஸ் நகரில் ஹாரிசனை நேரில் சந்தித்து இதையே சொன்னார். வடக்கில் ஏரிகள் முதல் தெற்கில் வளைகுடா வரை குடிகளை ஒன்று சேர்க்கும் முயற்சியில் அவர் தெற்கே சென்றிருந்த சமயம் பார்த்து, 1811 நவம்பரில் ஹாரிசனின் படை அவருடைய சகோதரர் டென்ஸ்க்வாடாவா இருந்த ஊரை நெருங்கியது. டிப்பக்கனூ ஆற்றங்கரையில் நடந்த சண்டைக்குப் பின் அந்த ஊர் எரிக்கப்பட்டது.

1812 ஜூனில் பிரிட்டன் மீது அமெரிக்கா போர் அறிவித்தபோது, கடலில் அமெரிக்க மாலுமிகளை பிரிட்டிஷ் கடற்படை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செல்வது முதன்மையான குற்றச்சாட்டாக இருந்தது. ஆனால் போரை வேண்டிக் குரல் கொடுத்தவர்களில் பலர் கடலையே காணாத மேற்கு, தெற்கு மாநிலப் பிரதிநிதிகள். கடல் வணிகத்தில் பிழைத்த நியூ இங்கிலாந்துப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். கனடாவிலிருந்து பூர்வகுடிகளுக்கு ஆயுதம் வருகிறது என்ற சினம் அந்த முரணில் பாதியை விளக்கும். டெகும்சே பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து, 1813 அக்டோபரில் தேம்ஸ் ஆற்றுப் போரில் இறந்தார். 1814இல் வாஷிங்டன் எரிந்தது. அந்த ஆண்டு இறுதியில் கென்ட் நகரில் எழுதிய சமாதானப் பத்திரம் எல்லைகளைப் பழையபடியே விட்டது. பூர்வகுடிகளுக்கு 1811இல் இருந்த உரிமைகளைத் திருப்பித் தருவதாக அதில் ஒரு பிரிவு உண்டு. அதை அமெரிக்கா நிறைவேற்றவுமில்லை, பிரிட்டன் வற்புறுத்தவுமில்லை.

ஃபுளோரிடா எப்படி வந்தது?

1818இல் அமெரிக்கத் தளபதி ஆன்ட்ரூ ஜாக்சன் செமினோல் மக்களைத் துரத்துவதாகச் சொல்லி ஸ்பானிய எல்லைக்குள் நுழைந்து கோட்டைகளைப் பிடித்தார். தன்னால் காக்க முடியாத நிலத்துக்காகப் போரிட ஸ்பெயின் விரும்பவில்லை. 1819 உடன்படிக்கையில், அமெரிக்கக் குடிமக்களுக்குச் சேர வேண்டிய நிலுவைகளை 50 லட்சம் டாலர் வரை அமெரிக்கா ஏற்றுக்கொள்ள, ஃபுளோரிடா கைமாறியது. டெக்சாஸ் மீதான கோரிக்கையை அமெரிக்கா அப்போது கைவிட்டது.

உச்ச நீதிமன்றம் செரோக்கி மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் அவர்கள் ஏன் வெளியேற்றப்பட்டார்கள்?

செரோக்கி மக்கள் அமெரிக்கா கேட்ட எல்லாவற்றையும் செய்தவர்கள். உழவு, பள்ளிக்கூடம், 1827இல் எழுதப்பட்ட அரசமைப்பு, செக்கோயா உருவாக்கிய எழுத்து முறையில் 1828 முதல் ஒரு செய்தித்தாள் என எல்லாம் அவர்களிடம் இருந்தன. அவர்களில் செல்வர்கள் கறுப்பின அடிமைகளையும் வைத்திருந்தார்கள். 1814இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் போரில் ஜாக்சனின் பக்கம் நின்று கிரீக் மக்களை எதிர்த்துச் சண்டையிட்டவர்களும் அவர்களே.

ஜார்ஜியா மாநிலத்துக்கு இவை எதுவும் பொருட்டில்லை. அவர்கள் நிலத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1830 மே மாதம், அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஜாக்சனின் முனைப்பில், பூர்வகுடிகளை மிசிசிப்பிக்கு மேற்கே மாற்றும் சட்டம் கீழவையில் 102–97 என்ற சிறு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்தச் சட்டம் நிலப் பரிமாற்றத்துக்கு உடன்படிக்கை செய்யத்தான் அனுமதித்தது. கட்டாயப்படுத்த அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே எப்படியாவது ஒரு கையெழுத்து தேவைப்பட்டது.

1832 மார்ச்சில் வூஸ்டர் வழக்கில், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். “மார்ஷல் தீர்ப்புச் சொல்லிவிட்டார், அவரே நிறைவேற்றிக்கொள்ளட்டும்” என்று ஜாக்சன் சொன்னதாக ஒரு வாசகம் உலவுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு அக்காலச் சான்று கிடையாது. அவர் அதைச் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. தீர்ப்பு ஜார்ஜியாவின் சிறையில் இருந்த மதபோதகர் சாமுவேல் வூஸ்டரை விடுவிக்கக் கோரியதே தவிர, குடியரசுத் தலைவருக்கு எந்தக் கட்டளையும் இடவில்லை. ஜார்ஜியா அதைப் புறக்கணித்தது, ஜாக்சன் வாளாவிருந்தார்.

அதே 1832இல் ஜார்ஜியா செரோக்கி நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாகவும், தங்கம் உள்ள இடங்களை 40 ஏக்கர் துண்டுகளாகவும் பிரித்து, வெள்ளையருக்குக் குலுக்கல் முறையில் கொடுத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் 1835இல் வாஷிங்டன் சென்று திரும்பியபோது, அவருடைய சொந்த வீட்டில் குலுக்கலில் வென்ற ஒருவர் குடியிருந்தார். ராஸ் தம் குடும்பத்தை அழைத்துக்கொண்டு டென்னசி எல்லைக்குள் ஒரு மரக்குடிலுக்குப் போனார்.

அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று நியூ எச்சோட்டாவில், எலையஸ் பூடினோ என்பவரின் வீட்டில், செரோக்கித் தலைவர்களில் ஒருவரான மேஜர் ரிட்ஜின் ஆதரவாளர்களான ஒரு சிறு குழுவினர் 50 லட்சம் டாலருக்குக் கிழக்கு நிலம் முழுவதையும் எழுதிக்கொடுத்தார்கள். செரோக்கி அரசு அவர்களுக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. ராஸ் அங்கே இல்லை. எதிர்ப்பு மனுவில் 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. செனட்டோ அந்தப் பத்திரத்தை ஏற்றது. தேவையான மூன்றில் இரு பங்கு ஒரே ஒரு வாக்கில்தான் கிட்டியது. 1838இல் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை மக்களை வீடு வீடாகத் திரட்டி முகாம்களில் அடைத்தது. சுமார் 16,000 பேர் இன்றைய ஓக்லஹோமாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். முகாமிலும் குளிர்காலப் பாதையிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. ராஸின் மனைவியும் வழியில்தான் இறந்தார். ரிட்ஜும் அவர் மகனும் பூடினோவும் 1839 ஜூன் 22 அன்று, நிலம் விற்ற குற்றத்துக்காகத் தம் மக்களாலேயே கொல்லப்பட்டார்கள்.

டெக்சாஸ் பற்றிய சண்டை எதைப் பற்றியது?

1820களில் மெக்சிகோ தானே அழைத்துத்தான் அமெரிக்கர்கள் ஸ்டீபன் ஆஸ்டின் தலைமையில் அங்கே குடியேறினார்கள். வந்தவர்கள் அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தது, 1830இல் அமெரிக்கக் குடியேற்றத்தையே தடுத்தது. மெக்சிகோவின் ஆட்சியாளர் சாண்டா அன்னா மாநிலங்களின் உரிமைகளை ஒடுக்கி மைய ஆட்சியை நிறுவியதும் சேர்ந்து, 1836இல் டெக்சாஸ் தனிநாடு அறிவித்தது. அலமோ கோட்டையில் தோற்றவர்கள், ஏழு வாரங்களுக்குள் சான் ஹசின்டோவில் சாண்டா அன்னாவையே சிறைபிடித்தார்கள். கைதியாக இருந்த அவரிடம் வெலாஸ்கோவில் கையெழுத்து வாங்கப்பட்டது; அதன்படி மெக்சிகோப் படை ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் விலக வேண்டும். கைதியின் கையெழுத்து நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று மெக்சிகோ அதை நிராகரித்தது. டெக்சாஸின் எல்லை நியூசெஸ் ஆறா, அதற்குத் தெற்கே உள்ள ரியோ கிராண்டேயா என்ற தகராறு இங்கேதான் முளைத்தது.

1844இல் டெக்சாஸை இணைக்கும் உடன்படிக்கை செனட்டில் தோற்றது. மூன்றில் இரு பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும், எளிய பெரும்பான்மை போதும் என்பதற்காக அது இரு அவைகளின் கூட்டுத் தீர்மானமாக உருமாறி, 1845இல் செனட்டில் 27–25 என்று நிறைவேறியது.

மெக்சிகோவுடனான போரைத் தொடங்கியது யார்?

குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போக்குக்குக் கலிபோர்னியா வேண்டும். விலை பேச அனுப்பிய தூதரை மெக்சிகோ ஏற்காததால், 1846 தொடக்கத்தில் சாகரி டெய்லரின் படையை நியூசெஸைக் கடந்து ரியோ கிராண்டே கரைக்கே அனுப்பினார். ஏப்ரல் 25 அன்று அங்கே ரோந்து சென்ற குதிரைப்படைப் பிரிவு ஒன்றை மெக்சிகோப் படை தாக்கியது. மே 9ஆம் தேதி பகலில், இந்தச் செய்தி வருவதற்கு முன்பே, போர் கோரும் செய்தியைக் காங்கிரஸுக்கு அனுப்புவதென்று போக்கின் அமைச்சரவை முடிவு செய்துவிட்டது. அன்று மாலைதான் தாக்குதல் செய்தி கிடைத்தது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று போக் எழுதினார். முதல் குண்டு மெக்சிகோவுடையதாக இருக்கலாம். அது பாயும் இடத்தில் படையைக் கொண்டுபோய் நிறுத்தியவர் போக்.

அதே சமயத்தில் ஓரிகான் தகராறில் பிரிட்டனோடு 49ஆம் அட்சரேகையில் சமாதானமாகப் பிரித்துக்கொண்டார் என்பதையும் கவனிக்க வேண்டும். எதிராளி வலுவானவர் என்றால், நாடு பசிபிக் வரை விரிவது கடவுள் விதித்தது என்ற ‘விதிக்கப்பட்ட விரிவாக்கம்’ முழக்கம் பேச்சுவார்த்தைக்கு இசைந்தது.

அமெரிக்காவுக்குள் எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. போர் அறிவிப்பை எதிர்த்துக் கீழவையில் 14 பேர் வாக்களித்தார்கள். 1847 டிசம்பரில் இலினாயிஸிலிருந்து புதிதாக வந்த ஆபிரகாம் லிங்கன், ரத்தம் சிந்திய அந்தக் குறிப்பிட்ட இடம் யாருடைய மண் என்று போக் விளக்க வேண்டும் எனத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அந்தப் போரில் இளம் அதிகாரியாகப் பணியாற்றிய யுலிசிஸ் கிராண்ட், வலிய நாடு எளிய நாட்டின் மீது தொடுத்த போர்களில் மிகவும் அநியாயமானவற்றுள் இதுவும் ஒன்று என்று பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார்.

போர் முடிந்தபோது கைமாறியது எவ்வளவு?

1847 செப்டம்பரில் ஸ்காட்டின் படை மெக்சிகோ நகரைப் பிடித்தது. சமாதானம் பேச அனுப்பப்பட்டிருந்த நிக்கலஸ் டிரிஸ்ட்டைப் போக் திரும்ப அழைத்துவிட்டார். டிரிஸ்ட் திரும்பாமல், பறிக்கப்பட்ட அதிகாரத்துடனேயே 1848 பிப்ரவரி 2 அன்று குவாடலூப் இடால்கோவில் கையெழுத்திட்டார். எரிச்சலோடு போக் அதை செனட்டுக்கு அனுப்ப, அங்கே நிறைவேறியது. எல்லை ரியோ கிராண்டே என்று முடிவானது. கலிபோர்னியா, நெவாடா, யூட்டா முழுவதும், அரிசோனாவின் பெரும்பகுதியும், இன்னும் சில மாநிலங்களின் பகுதிகளும் அடங்கிய 5 லட்சம் சதுர மைலுக்கும் அதிகமான நிலத்துக்கு 1.5 கோடி டாலர். ஒன்பது நாட்களுக்கு முன்னர் கலிபோர்னியாவில் சட்டர் என்பவரின் மர ஆலைக் கால்வாயில் தங்கம் கண்டெடுக்கப்பட்ட செய்தி மேசைக்கு இருபுறம் இருந்தவர்களுக்கும் தெரியாது.

அந்த நிலத்தில் இருந்த மெக்சிகோ மக்களின் சொத்துகளுக்கு உடன்படிக்கை பாதுகாப்பு அளித்தது. ஆனால் பழைய நில மானியங்களை வெளிப்படையாக உறுதி செய்த 10ஆம் பிரிவை செனட் நீக்கிவிட்டது. 1851இல் வந்த சட்டம், கலிபோர்னியாவில் உரிமையை நிரூபிக்கும் பொறுப்பை நில உடைமையாளர் தலையிலேயே கட்டியது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. வென்றவர்களிலும் பலர் வழக்கறிஞர் கட்டணத்துக்கே நிலத்தை விற்றார்கள்.

இதற்கும் பின்னாளைய உள்நாட்டுப் போருக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ஒவ்வொரு புது நிலமும் அங்கே அடிமை முறை இருக்குமா என்ற கேள்வியோடு வந்தது. 1820இல் மிசௌரி சமரசம், அடிமை முறை உள்ள நிலத்தையும் இல்லாத நிலத்தையும் பிரிக்க 36°30’ அட்சரேகையில் ஒரு கோடு வரைந்து லூசியானா நிலத்துக்கு மட்டும் விடை சொன்னது. மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்தில் அடிமை முறை கூடாது என்று டேவிட் வில்மட் 1846இல் கொண்டுவந்த திருத்தம் கீழவையில் வென்று செனட்டில் தோற்றது. அன்று முதல் கட்சி வாரியாகப் பிரிந்திருந்த காங்கிரஸ் வடக்கு, தெற்கு என்று பிரியத் தொடங்கியது.

1848க்குப் பின் மெக்சிகோவுடனான எல்லை மாறவே இல்லையா?

மாறியது. தெற்கு ரயில் பாதைக்காக, இன்றைய அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களின் தென்பகுதியில் சுமார் 30,000 சதுர மைல் நிலத்தை 1853இல் பேசி முடித்து, 1 கோடி டாலருக்கு அமெரிக்கா வாங்கியது. மெக்சிகோவின் சார்பில் விற்றது அப்போது மீண்டும் ஆட்சியில் இருந்த சாண்டா அன்னா. இந்த முறை அவர் கைதியாக இருக்கவில்லை; நிலத்தை விற்றார் என்ற சினமும் சேர்ந்துகொள்ள, 1855இல் அவர் ஆட்சியிலிருந்து துரத்தப்பட்டார்.